இடுப்பு வலி மாத்திரையும் இம்யூனோதெரபியும்

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 62. முப்பது வருடம் லாரி ஓட்டியவர், பீடி குடிப்பார். மூன்று மாதத்துக்கு முன் இருமலில் ரத்தம் வந்தது. பயாப்சி எடுத்துப் பார்த்து 'ஸ்மால் செல்' நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். கல்லீரலில் இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது. கார்போபிளாட்டின், எட்டோபொசைடு, கூடவே அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து போடுகிறார்கள். மூன்று முறை முடிந்து ஸ்கேன் எடுத்ததில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. நான்காவது அடுத்த வாரம். அதன்பிறகு இம்யூனோதெரபி மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடரும், ஆனால் இந்த நோய் திரும்ப வரக்கூடியது என்கிறார் டாக்டர். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று பெரியப்பா தினமும் சீந்தில் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன், டார்லடமாப் என்று புது மருந்து வந்திருக்கிறது, அதற்கு மாற்றச் சொல்லுங்கள் என்கிறார். ஊரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்கவும் தயாராக இருக்கிறோம். இப்போது அப்பா தெம்பாகத்தான் இருக்கிறார். இடுப்பு வலி மட்டும் உண்டு. தெருமுனை மெடிக்கலில் வாங்கும் மாத்திரைக்கு அது கேட்கிறது, பசியும் நன்றாக எடுக்கிறது. இந்தச் சிகிச்சை அப்பாவுக்குக் கூடுதலாகப் பலன் தர நாங்கள் என்ன செய்யலாம்?

— ஒரு மகள், கோவில்பட்டி

பதில்:

கஷாயம், புது மருந்து, நிலம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, நீங்கள் கேள்வியாகவே கேட்காத வரியைத்தான். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்குகிறீர்கள். அதற்கு வலியும் கேட்கிறது, பசியும் எடுக்கிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம். அப்பாவின் சிகிச்சைக்கு இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அங்கேதான் இருக்கிறது.

அந்த மாத்திரையை எடுத்துப் பாருங்கள். பெயர் போட்ட அட்டையாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு சின்னக் காகிதக் கவரில், வேளைக்கு இரண்டு மூன்று என்று கலந்து போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றுக்கு. மூன்றாவதாகப் பொடிசாக ஒரு மாத்திரை இருந்தால், அது டெக்ஸாமெதசோனாகவோ பிரெட்னிசோலோனாகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டுமே ஸ்டீராய்டு. வலிக்குக் கேட்கும், பசியைக் கிளப்பும். முகம் லேசாக உப்பும். பார்க்க வருகிறவர்கள் "முகத்தில் களை வந்துவிட்டதே" என்று சந்தோஷப்படுவார்கள்.

ஸ்டீராய்டின் முக்கியமான வேலை எதிர்ப்பு அணுக்களை அடக்குவது. அட்டிசோலிசுமாப் அதே அணுக்களை அவிழ்த்துவிடப் பார்க்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரும் செலவு செய்து அவிழ்த்துவிட்டு, தினமும் சில ரூபாய் மாத்திரையால் திரும்பக் கட்டிப்போட்டால் எப்படி? 2018-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் உள்ள இரண்டு பெரிய புற்றுநோய் மையங்கள் 640 நுரையீரல் புற்றுநோயாளிகளின் பதிவுகளை அலசின. இம்யூனோதெரபி தொடங்கும்போதே தினம் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் அளவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. அவர்களில் பலருக்கு நோய் ஏற்கனவே முற்றியிருந்தது, அதனால் பழியை முழுக்க மாத்திரையின் மேல் போட முடியாது என்று சொல்வதும் நியாயம்தான். அவர்களுக்கு இருந்தது ஸ்மால் செல் அல்லாத வகை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் டாக்டருக்குத் தெரியாமல் ஒரு ஸ்டீராய்டு தினமும் உள்ளே போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்காக இதைப் படித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, உடம்பில் இயல்பாக அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும். அந்தக் கவரை எடுத்துக்கொண்டு நாளைக்கே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள், நான்காவது கீமோ வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டுதான் என்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கீமோ அன்று வாந்தி வராமலிருக்க ஆஸ்பத்திரியில் போடும் டெக்ஸா ஊசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கணக்குத் தெரிந்து போடுவது.

இன்னொன்று, எனக்கு மாத்திரையை விடக் கவலையாக இருப்பது அந்த வலி. ஸ்மால் செல் எலும்புக்குப் பரவக்கூடிய நோய். முப்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு இடுப்பு வலி இருப்பது சகஜம்தான். ஆனால் இந்த நோய் உள்ளவருக்குப் புதிதாக வந்த இடுப்பு வலியை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். கால் மரத்துப்போவது, நடக்கும்போது கால் பின்னுவது, சிறுநீர் போக முடியாமல் முக்குவது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தண்டுவடத்தைக் கட்டி அழுத்தினால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும். விட்டால் கால் திரும்ப வராது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இம்யூனோதெரபி ஏன் இந்த நோயிடம் பாதி வழியில் நின்றுவிடுகிறது?

'எதிர்ப்புச் சக்தி' என்ற வார்த்தையே நம்மை வழிதவற வைக்கிறது. ஏதோ டாங்கில் பெட்ரோல் போல அது குறைந்துவிட்டது, ஊற்றினால் ஏறும் என்று தோன்றுகிறது. இங்கே குறைச்சல் அதுவல்ல. உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன சமைக்கிறது என்பதில் ஒரு துளியை வாசலில் ஒரு தட்டில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். டி செல் என்ற எதிர்ப்பு அணு தெருத் தெருவாகப் போய் அந்தத் தட்டுகளைப் பார்க்கும். வேண்டாத சமையல் தெரிந்தால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். புற்றுநோய்ச் செல் என்ன செய்கிறது? தட்டைப் பார்க்க வந்த டி செல்லின் கையைப் பிடித்து, 'நம்ம ஆள்தான், போ' என்று அனுப்பிவிடுகிறது. அந்தப் பிடிக்குத்தான் பிடி-1, பிடி-எல்1 என்று பெயர். அட்டிசோலிசுமாப், துர்வாலுமாப் மாதிரி மருந்துகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன.

ஸ்மால் செல்லில் சிக்கல் ஒரு படி முன்னாலேயே இருக்கிறது. பெரும்பாலான செல்கள் தட்டையே எடுத்து உள்ளே வைத்துவிடுகின்றன. புகையால் மரபணுவில் ஏகப்பட்ட பிழைகள் விழுந்த நோய் இது. காட்டுவதற்கு நிறைய இருக்கிறது, ஆனால் காட்டுவதில்லை. டி செல் தெருவில்தான் நிற்கிறது, தெம்பாகவும் இருக்கிறது, எந்த வீடு என்றுதான் அதற்குத் தெரியவில்லை. அதன் கையை விடுவித்து என்ன பயன்? ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்து ஆய்வாளர்கள் 2021-ல் இந்த நோயை நான்கு உட்பிரிவுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு சிறிய பிரிவில் மட்டும் தட்டு வாசலில் இருக்கிறது, டி செல்களும் கட்டிக்குள் புகுந்திருக்கின்றன. இம்யூனோதெரபியால் கூடுதல் பலன் அந்தப் பிரிவுக்குத்தான் தெரிந்தது. உள்ளே போன தட்டை வெளியே வரவைக்கும் மருந்துகளை இப்போது ஆய்வுக்கூடங்களிலும் ஆரம்பகட்டப் பரிசோதனைகளிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது எண்கள். கூகுளில் தேடியிருப்பீர்கள், பார்த்துப் பயந்தும் இருப்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பிளாட்டின மருந்தும் எட்டோபொசைடும்தான் 1980-களிலிருந்து இந்த நோய்க்கு மருந்து. முப்பது வருடத்துக்கு மேல் அதைத் தாண்டி எதுவும் நிற்கவில்லை. 2018-ல் டொரன்டோவில் நடந்த உலக நுரையீரல் புற்றுநோய் மாநாட்டில்தான் ஐஎம்பவர்133 என்ற பரிசோதனையின் முடிவு வந்தது. 403 நோயாளிகள். கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 10.3 மாதத்தைக் கடந்தார்கள், அட்டிசோலிசுமாப் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 12.3 மாதத்தைக் கடந்தார்கள். இரண்டே மாதம்தானா என்று கேட்பீர்கள். என் நோயாளிகளின் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. இது நடுவில் நிற்பவரின் கணக்கு. அந்த எண்ணில் அவரைத் தாண்டி வாழும் பாதிப் பேரைப் பார்க்க முடியாது. துர்வாலுமாபை வைத்து நடந்த காஸ்பியன் என்ற பரிசோதனையில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், கீமோ மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 6 பேர், மருந்தும் சேர்த்தவர்களில் கிட்டத்தட்ட 18 பேர். உங்கள் அப்பாவுக்குப் போடும் மருந்திலும், தொடர்ந்து கவனித்ததில், ஐந்து வருடம் கழித்து நூற்றுக்குச் சுமார் 12 பேர் இருந்தார்கள். நோய் பரவிய ஸ்மால் செல்லில் ஐந்து வருடம் என்பது நான் படித்த காலத்தில் வகுப்பில் பேசாத ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்புகிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரி. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

இந்தப் பலனைக் கூட்ட உலகம் முழுக்க நிறைய முயன்றிருக்கிறார்கள். இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைக் கூடச் சேர்த்தால் இரட்டிப்பாகும் என்று நினைத்தார்கள். காஸ்பியனிலேயே டிரெமெலிமுமாப் சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. டிராகோலுமாப் சேர்த்தும் பார்த்தார்கள், அதுவும் இல்லை. நேரத்தை மாற்றியதில் நல்ல பாடம் கிடைத்தது. நோய் மார்புக்கூட்டுக்குள்ளேயே நிற்பவர்களுக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்போம். அந்தக் கதிர்வீச்சு நடக்கும்போதே அட்டிசோலிசுமாபையும் தொடங்கிய பரிசோதனையில் பலன் எதுவும் கூடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு துர்வாலுமாபைத் தொடங்கி இரண்டு வருடம் வரை கொடுத்த ஏட்ரியாட்டிக் பரிசோதனையில், நடு ஆயுள், அதாவது பாதிப் பேர் கடந்த காலம், 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக ஏறியது. ஏறக்குறைய இரண்டு வருட வித்தியாசம். 2024-ல் அந்த முடிவு வந்தபோது எங்கள் துறையில் பலருக்குக் கண் கலங்கியது. கட்டியும் நிணநீர்க் கணுக்களும் கதிர்வீச்சில் அடிபட்டுக்கொண்டிருக்கும்போது, அங்கே குவிகிற டி செல்களும் சேர்ந்தே சாகின்றன என்பது ஒரு விளக்கம். அது முழுக் காரணமா என்ற விவாதம் இன்னும் இருக்கிறது. இது நோய் பரவாதவர்களுக்கான சிகிச்சை, அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் மேலே மேலே அள்ளிப் போடுவது மட்டும் வழியல்ல என்பது இதில் தெரிகிறது.

அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்துவது வேறொன்று. நான்கு சுற்றுக் கீமோ முடிந்து நோய் அடங்கியிருப்பவர்களுக்கு, அட்டிசோலிசுமாபுடன் லர்பினெக்டெடின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துத் தொடரும் முறை 2025-ல் வந்திருக்கிறது. தொடர் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், நடு ஆயுள் 10.6 மாதத்திலிருந்து 13.2 மாதமாக உயர்ந்தது. ரத்த அணுக்கள் குறைவது, சோர்வு, வாந்தி எல்லாம் கூடுதலாக வரும். அப்பா சரியாக அந்த வாசலில்தான் நிற்கிறார். அடுத்த வாரம் போகும்போது "தொடர் சிகிச்சையில் லர்பினெக்டெடின் சேர்ப்பது இவருக்கு ஒத்துவருமா, நம் ஊரில் கிடைக்குமா, என்ன செலவாகும்" என்று நேராகக் கேளுங்கள். ஒத்துவராது என்று அவர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும், காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் அத்தை மகன் சொன்ன டார்லடமாப் உண்மையிலேயே நல்ல மருந்து. தட்டை உள்ளே வைத்துக்கொண்ட செல்லை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது வேறு வழியில் பதில் சொல்கிறது. இரண்டு கை உள்ள ஒரு புரதம் அது. ஸ்மால் செல்லின் மேல்தோலில் டிஎல்எல்3 என்று ஒரு பொருள் துருத்திக்கொண்டிருக்கும். நல்ல செல்களின் மேல்தோலில் அதைக் காண்பது அபூர்வம். ஒரு கை அதைப் பிடிக்கிறது, மறு கை பக்கத்தில் போகும் டி செல்லைப் பிடித்து இழுத்துவந்து முகத்துக்கு முகம் நிறுத்துகிறது. தட்டே தேவையில்லை. அமெரிக்காவில் 2024 மே மாதம் அனுமதி கிடைத்தது. முதல் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய 509 பேரிடம் அதையும் வழக்கமான கீமோவையும் ஒப்பிட்டதில், நடு ஆயுள் 8.3 மாதத்துக்கு எதிராக 13.6 மாதம் என்று 2025-ல் முடிவு வந்தது.

அப்படியென்றால் ஏன் இப்போதே மாற்றக் கூடாது? இப்போது போடுவது வேலை செய்கிறது. கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. பலன் தரும் மருந்தைப் பாதியில் விடுவது, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது போல. டார்லடமாப் நிரூபணமாகியிருப்பது நோய் திரும்பியவர்களிடம். முதல் சிகிச்சைக்குப் பிறகு தொடர் மருந்தாகவே அதைச் சேர்க்கலாமா என்ற பெரிய பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அப்புறம், அது கையாளச் சிரமமான மருந்தும்கூட. டி செல்கள் ஒரேயடியாகக் கிளம்புவதால் முதல் இரண்டு டோஸில் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, சிலருக்குக் குழப்பமான பேச்சு வரும். அதனால் முதலில் 1 மில்லிகிராம் மட்டும் ஏற்றி, ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் 10 மில்லிகிராமுக்குப் போவார்கள். நோய் திரும்பினால் அடுத்து என்ன, டார்லடமாபை எந்த வழியில் பெறலாம், ஏதாவது பரிசோதனையில் சேர முடியுமா என்பதை நோய் அடங்கியிருக்கும் இப்போதே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மால் செல் திரும்பும்போது வேகமாகத் திரும்பும், அப்போது விசாரிக்க நேரம் இருக்காது. இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும், யாரும் இணையத்தில் பார்க்கலாம். பரிசோதனையில் சேர்க்கிறோம் என்று சொல்லி, பரிசோதிக்கும் மருந்துக்கே உங்களிடம் யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

பெரியப்பாவின் கஷாயத்துக்கு வருகிறேன். அவர் அன்பினால் சொல்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மூலிகை என்றாலே ஆகாது என்பவன் அல்ல நான். அப்பாவுக்கு ஏறும் எட்டோபொசைடே ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் பொருளை மாற்றிச் செய்ததுதான், அதன் உறவுச் செடி நம் இமயமலையிலும் வளர்கிறது. என் ஆட்சேபம் சீந்திலைப் பற்றியது, அதுவும் இந்த நேரத்தில். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த 43 பேரைப் பற்றி, நாட்டின் பல ஊர்களில் உள்ள கல்லீரல் மருத்துவர்கள் சேர்ந்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பலருக்கு, உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு அது. ஆயுஷ் அமைச்சகம் சீந்திலுக்கும் இந்தப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை மறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அட்டிசோலிசுமாபும் அதே வகையில் கல்லீரலைத் தாக்கக்கூடியது, அப்பாவின் கல்லீரலிலோ ஏற்கனவே நோய் இருக்கிறது. நாளைக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் எகிறினால் அது மருந்தாலா, கஷாயத்தாலா, நோயாலா என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல மருந்தைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்த வேண்டிவரும். கபசுரக் குடிநீரிலும் சீந்தில் ஒரு சரக்கு, அதனால் அதுவும் இப்போது வேண்டாம். பெரியப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், தினமும் ஒரு முட்டை, மீன் குழம்பு, கேழ்வரகு, கீரை, முழுப் பயறு என்று அப்பா சாப்பிட ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை.

இம்யூனோதெரபியால் பலன் பெறுகிறவர்கள் வழியில் அதை இழப்பதற்கு நான் பார்த்த ஒரு பெரிய காரணம், பக்கவிளைவைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது. கீமோவின் பக்கவிளைவு எல்லோருக்கும் தெரியும்: முடி கொட்டும், வாந்தி வரும். இதில் வருவது வேறு மாதிரி. அவிழ்த்துவிட்ட டி செல்கள் நல்ல உறுப்பையும் தாக்கும். என்னிடம் சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு ஆறாவது டோஸுக்குப் பிறகு வறட்டு இருமல் வந்தது. பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள். சளி என்று பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இம்யூனோதெரபி நடப்பதைக் குடும்பத்தாரும் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. என்னிடம் வந்தபோது கட்டிலிலிருந்து குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் 84. எதிர்ப்பு அணுக்கள் நல்ல நுரையீரலைத் தாக்கியிருந்தன. ஸ்டீராய்டு ஊசியால்தான் பிழைத்தார், ஆனால் அந்த இம்யூனோதெரபியைத் திரும்ப அவருக்குக் கொடுக்க முடியவில்லை. முதல் மூன்று நாளில் வந்திருந்தால் லேசான கட்டத்திலேயே அடக்கி, மருந்தைத் தொடர்ந்திருக்க வாய்ப்பு இருந்தது. பாருங்கள், மெடிக்கல் மாத்திரையாக ஆகாத அதே ஸ்டீராய்டு இங்கே உயிரைக் காத்தது. யார், எப்போது, எவ்வளவு நாள் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் எங்காவது கிடக்கும். பேட்டரி மாற்றி வையுங்கள். தினமும் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, வாசல்வரை நாலு நடை நடந்தபின் ஒருமுறை பாருங்கள். வழக்கமான அளவிலிருந்து இறங்கினால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். புதிதாக வறட்டு இருமல், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள், நெஞ்சு வலி, படபடப்பு, தாங்க முடியாத தாகமும் அடிக்கடி சிறுநீரும், எழுந்திருக்கவே முடியாத சோர்வு, இவற்றில் எது வந்தாலும் அப்படித்தான். சோர்வை மட்டும் 'கீமோ போட்டிருக்கு, அதான்' என்று தள்ளிவிடுவார்கள். சில சமயம் அது தைராய்டு குறைந்ததாக இருக்கும், தினமும் ஒரு மாத்திரை எடுத்தால் சரியாகும். நம் ஊரில் இருமல் என்றால் காசநோயையும் மறக்கக் கூடாது, இந்த மருந்து எடுப்பவர்களிடம் அது தலைதூக்குவது உண்டு. எந்த டாக்டரிடம், எதற்காகப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதல் வரியாக "இவருக்கு இம்யூனோதெரபி நடக்கிறது" என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக்கையும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

பீடியை இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று அப்பா கேட்பார். விட்டவர்கள் சிகிச்சையை நன்றாகத் தாங்குகிறார்கள், மூச்சும் இலேசாகிறது. திட்டாமல் உதவுங்கள்.

வலிக்குத் தனி மருத்துவர்கள் இருக்கிறார்கள், வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு என்பார்கள். கடைசிக் கட்டத்தில் போகிற இடம் என்று நினைத்து எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தப் பிரிவின் கவனிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, நடு ஆயுள் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாகவும் இருந்தது. அவர்களுக்கு இருந்ததும் ஸ்மால் செல் அல்லாத வகைதான். ஆனால் வலி எந்த வகையிலும் வலிதான். சரியான இடத்தில் வலிக்கு மருந்து கிடைத்திருந்தால் அப்பா அந்தக் காகிதக் கவரிடம் போயிருக்க மாட்டார்.

கடைசியாக நிலம். இதில் டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது என்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை, எங்கள் மருந்துச் சீட்டால்தானே நிலம் விற்கிறீர்கள். முதலில் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். மருந்து நிறுவனங்களுக்கு நோயாளி உதவித் திட்டங்கள் உண்டு, சில குப்பிகள் வாங்கினால் சில இலவசமாகத் தருவார்கள், அதற்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எதெதற்குச் செல்லும் என்று விசாரியுங்கள். துர்வாலுமாபுக்கு 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கினார்கள். அதுவும் அப்பாவுக்குப் போடும் அட்டிசோலிசுமாபும் ஏறக்குறைய ஒரே பலன் தருபவை, அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் விலையை ஒப்பிட்டுக் கேட்கலாம். குறைந்த டோஸில் போட்டால் செலவு குறையுமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வெறும் 20 மில்லிகிராம் கூடச் சேர்த்துக் கொடுத்து, ஒரு வருடம் கடந்தவர்களை நூற்றுக்கு 16-லிருந்து 43 ஆக உயர்த்திக் காட்டியது. எனக்கு மிகவும் பெருமையான ஆய்வு அது. ஆனால் அந்த நோய் வேறு, மருந்து வேறு. அதை வைத்து அப்பாவின் டோஸைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் பார்த்தபின்னும் பணம் போதவில்லை என்றால்? நான்கு சுற்று முடிந்து எடுக்கும் ஸ்கேனைப் பார்க்கும்வரை நிலத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன செலவு, நோய் திரும்பினால் எந்த இடத்தில் நிறுத்துவோம் என்பதை டாக்டரிடம் எண்ணாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தைத் தொடர முடியாமல் போகும் குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் அப்பாவைக் கைவிட்டவர்கள் இல்லை.

அப்பாவுக்கு நோயின் பெயர் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. கடிதம் முழுக்கப் பெரியப்பா பேசுகிறார், அத்தை மகன் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், அப்பாவின் குரல் இல்லை. தெரியாது என்றால், சொல்லிவிடுங்கள். உங்களால் முடியாவிட்டால் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இருமலைச் சொல்ல வேண்டும், எந்த மாத்திரையை வாங்கக் கூடாது என்று அவருக்கே தெரிய வேண்டும். அந்த ஒன்றரை ஏக்கரையும் அவர் லாரி ஓட்டித்தான் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். விற்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.

நாளைக்குக் கவரைக் காட்டிவிட்டு, எம்.ஆர்.ஐ. எடுத்தால் அதன் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.